அம்மாவுக்கும் அக்காவுக்கும் மூளையில் அனியூரிசம்: மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

தேன்மொழி, கும்பகோணம்

கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பெற்றவருக்கும் உடன்பிறந்தவருக்கும் மூளையில் அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் வலுவிழந்து உண்டாகும் புடைப்பு) வெடித்திருந்தால், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அது வராமல் தடுக்க வழி உண்டா?

எங்கள் அம்மா 53 வயதில் திடீர்த் தலைவலியோடு மயங்கி விழுந்து மறுநாள் இறந்துபோனார். சி.டி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் காரணம் தேடும் நிலையில் நாங்கள் இல்லை. போன ஐப்பசியில் அக்காவுக்கும் அதே தலைவலி. அவருக்கு வயது 46. முதலில் போன சிறிய மருத்துவமனையில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவு முழுவதும் வாந்தி, விடியற்காலையில் கழுத்து விறைத்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் அனியூரிசம் என்று தெரிந்தது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, 'காயில்' (coil) எனும் மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைத்தார்கள். பிழைத்துவிட்டார், ஆனால் இடது கை இன்னும் முழுதாக வசப்படவில்லை.

எனக்கு 41 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தம்பிக்கு 36, சிகரெட் பழக்கம் உண்டு. அண்ணனுக்கு 49, எந்தப் பழக்கமும் இல்லை. உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: காபியை நிறுத்து, தலைக்குக் குளிக்காதே, வெயிலில் போகாதே. இவற்றில் எது உண்மை? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை

சகோதரி, படிக்கும்போதே மனம் பதறுகிறது. அக்கா விரைவில் தேறி வரட்டும். என் கருத்து இதுதான்: நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் ஒருமுறை மூளை ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். உடல் பரிசோதனைத் தொகுப்பில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கிறோம். உயிரையே பறிக்கும் இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம்? இருந்தால் உடனே அடைத்துவிடலாமே.

செங்காந்தள்

மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுத்து அறிக்கை தரும் துறையில் பணிபுரியும் மருத்துவர் நான். தேன்மொழி, உங்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அம்மாவும் அக்காவும் உங்களுக்கு முதல் நிலை உறவினர்கள் (பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள்). குடும்பத்தில் இரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு அனியூரிசமோ, அது வெடித்த ரத்தக்கசிவோ இருந்தால் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்யலாம் என்று அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் சேர்ந்து 2015இல் தந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அம்மாவுக்கு உறுதிசெய்யப்படவில்லை என்றாலும், நீங்கள் சொல்லும் விவரம் அதற்கு மிகவும் பொருந்துகிறது. ஆகவே நீங்கள் மூவரும் ஒருமுறை எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. கருவியில் ரத்தக்குழாய்களை மட்டும் படமெடுப்பது) எடுத்துக்கொள்வது நியாயமானது. இதற்குக் கதிர்வீச்சு கிடையாது. பெரும்பாலும் சாய ஊசியும் தேவைப்படாது. நேரடியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் முதல் கட்டத்தில் வேண்டாம்.

இனி தடுப்பது பற்றி. மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. அவை கிளை பிரியும் முனைகளில் ரத்தம் ஓயாமல் மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவர் உடம்பின் மற்றத் தமனிகளின் சுவரைவிட மெல்லியது. மோதும் அழுத்தம் கூடினாலும், புகையால் சுவரில் அழற்சி உண்டானாலும் அந்த முனை வலுவிழந்து வெளியே புடைக்கிறது. புடைப்பு உருவாவதையும், உருவானது வெடிப்பதையும் தூண்டுபவற்றில் நம் கையில் உள்ளவை புகை, ரத்த அழுத்தம், மிதமிஞ்சிய மது. கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமைன் போன்ற போதைப்பொருள்களும் இதில் சேரும். தலைக்குக் குளிப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. காபி பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

வைகைக்கரை ஐயாவுக்கு: வளர்ந்தவர்களில் 100 பேரைப் படமெடுத்தால் ஏறக்குறைய 3 பேருக்கு அனியூரிசம் இருக்கும். அது வெடித்து ரத்தம் கசிவதோ, ஓர் ஆண்டில் லட்சம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான். இருப்பவர்களில் பெரும்பாலோர் அது இருப்பது தெரியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். எல்லோரையும் படமெடுத்தால் வெடிக்கவே போகாத புடைப்புகளைத்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்போம்.

வைகைக்கரை

டாக்டர், கண்டுபிடித்தால் நல்லதுதானே? வெடிக்குமுன் அடைத்துவிட்டால் அந்த ஆளுக்குக் கவலை தீர்ந்தது. சிறியது என்று விட்டுவைத்து, பிறகு வெடித்தால் யார் பொறுப்பு?

செங்காந்தள்

அடைப்பதிலும் ஆபத்து உண்டு, ஐயா. வெடிக்காத அனியூரிசத்துக்குச் செய்யும் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. குழாய் வழிச் சிகிச்சையில் சுமார் 5 சதவீதம், மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு மூடுவதில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிக்கல் ஏற்பட்டிருந்தது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதம் வருவதும் அந்தச் சிக்கல்களில் ஒன்று.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஜப்பானில் 6,600க்கும் மேற்பட்ட வெடிக்காத அனியூரிசங்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் ஆண்டில் வெடிக்கும் வாய்ப்பு 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு 0.36 சதவீதம். 7 முதல் 9 வரை 1.69. 10 முதல் 24 வரை 4.37. 25ஐத் தாண்டினால் 33 சதவீதம். அளவு மட்டும் போதாது, இடமும் வடிவமும் முக்கியம். முன்புறத்திலும் பின்புறத்திலும் தமனிகளை இணைக்கும் சிறு குழாய்களில் உள்ளவை, சுவரில் குட்டிப் புடைப்பு முளைத்தவை ஆகியவற்றைச் சிறியதாக இருந்தாலும் நாங்கள் அலட்சியப்படுத்துவதில்லை. சில புடைப்புகளை உடனே அடைக்க வேண்டும், சிலவற்றைக் காத்திருந்து பார்க்க வேண்டும். எது எந்த வகை என்பதை நரம்பியல் அறுவை மருத்துவரும் குழாய் வழிச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்வதே சரி.

பொன்னி

காத்திருந்து பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாக 4 மில்லிமீட்டர் அளவில் ஒன்று தெரிந்தது. மூளைக்குள் ஒரு வெடிகுண்டு இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார், அந்தச் சொல் என்னை மாதக்கணக்கில் தூங்கவிடவில்லை. தயவுசெய்து யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்.

மருத்துவர் அன்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: எனக்கு அறுபது வயதுக்குள் அது வெடிக்கும் வாய்ப்பு எவ்வளவு, அடைத்தால் வரக்கூடிய ஆபத்து எவ்வளவு என்று. முதலாவது குறைவாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், இதுவரை மாறவில்லை. பிபியை வீட்டிலேயே அளந்து நோட்டில் எழுதிவைக்கிறேன். தேன்மொழி, ஸ்கேன் எடுக்கப் போகுமுன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: சிறியதாக ஒன்று தெரிந்து, சிகிச்சை இப்போது வேண்டாம் என்று சொன்னால் அந்தச் செய்தியோடு வாழ முடியுமா? எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் குடும்ப நிலையில் நானும் எடுத்திருப்பேன். மனத்தைத் தயார்செய்துகொண்டு போங்கள் என்கிறேன்.

தேன்மொழியின் தம்பி

என்னைப் பற்றிப் பேசுவதால் நானே எழுதுகிறேன். அம்மா வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அக்காவும் அப்படித்தான். அவர்களுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் என் சிகரெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது பரம்பரையாக வருவது என்றால், நான் விட்டு என்ன ஆகப்போகிறது?

செங்காந்தள்

தம்பி, நேராகக் கேட்டதற்கு நன்றி. நீங்கள் சொல்வது பாதி சரி. புகைக்காதவர்களுக்கும் வரும். நம் ஊரில் பெண்கள் புகைப்பது மிகக் குறைவு, ஆனாலும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது.

இனி மற்றப் பாதி. பல குடும்பங்களில் இந்த நோய் தொடர்வதை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், உங்களைப் போன்றவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் படமெடுத்தார்கள். அதாவது பாதிக்கப்பட்டவரின் நெருங்கிய உறவினர், 30 வயதைக் கடந்தவர், கூடவே புகைப்பவர் அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர். 303 பேரில் 58 பேருக்கு அனியூரிசம் இருந்தது. ஐந்தில் ஒருவர்! பொதுமக்களிடம் அது நூற்றுக்கு மூன்றுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன். பரம்பரை உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பங்கைத் தந்துவிட்டது, அதை மாற்ற முடியாது. அதன் மேல் சிகரெட் இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. அதை இறக்கிவைக்க முடியும். புகைக்காத அண்ணனைவிடப் புகைக்கும் உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

பாதியாகக் குறைத்தேன், மெல்லிய சிகரெட்டுக்கு மாறினேன் என்பதெல்லாம் போதாது. குறைப்பதில் பலன் இல்லாமல் இல்லை, ஆனால் முழுதாக விட்டவர்களுக்குத்தான் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது.

வடக்குவாசி, ஹெல்சிங்கி

தம்பிக்கு இன்னொரு சான்று தருகிறேன். நான் வசிக்கும் ஃபின்லாந்திலும், ஜப்பானிலும் அனியூரிசம் வெடிக்கும் வாய்ப்பு மற்ற நாடுகளைவிட அதிகம். ஆபத்தைக் கணிக்கும் ஃபேஸஸ் மதிப்பெண் முறையில் நோயாளி ஃபின்லாந்தைச் சேர்ந்தவரா, ஜப்பானைச் சேர்ந்தவரா என்பதற்கே தனிப் புள்ளிகள் உண்டு. மரபுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

ஆனால் 1998க்கும் 2012க்கும் இடையில் இங்கே இந்த ரத்தக்கசிவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் குறைவு இன்னும் அதிகம்: பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 38 சதவீதம். அந்த ஆண்டுகளில் மக்களின் மரபணு மாறிவிடவில்லை. மாறியது புகைப்பழக்கம். பணியிடத்திலும் உணவகத்திலும் புகைக்கத் தடை, கடுமையான வரி என்று நாடு முழுவதும் புகைப்போர் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் சரிந்தது. அதுமட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் இரண்டு சரிவும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. இளவயதினரிடம் குறைவு அதிகம் என்பதைக் கவனியுங்கள், தம்பி. உங்கள் வயதுக்காரர்கள்தான் அதிகம் பயனடைந்திருக்கிறார்கள்.

குன்றத்தூரான்

ஐயா, நான் நாள்தோறும் சிரசாசனம் செய்பவன். காபியும் இரண்டு வேளை உண்டு. காபி குடித்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

செங்காந்தள்

காபி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நெதர்லாந்தில், அனியூரிசம் வெடித்துப் பிழைத்த 250 பேரிடம் வெடிப்பதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் எட்டுச் செயல்கள் தென்பட்டன. காபி, கோலா பானம், கடும் உடற்பயிற்சி, மூக்கைச் சிந்துதல், மலம் கழிக்க முக்குதல், உடலுறவு, திடுக்கிடுதல், கோபம். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுவதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு.

இதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தவும் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே பலவீனமான புடைப்பு இருப்பவருக்கு, அந்தச் செயலை ஒட்டிய குறுகிய நேரத்தில் வாய்ப்பு ஏறுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. புடைப்பே இல்லாதவருக்கு காபியால் புடைப்பு வருகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. என் கருத்தில் இந்தப் பட்டியலில் எளிதில் சரிசெய்யக்கூடியதும், யாரும் வாய்விட்டுப் பேசாததும் மலச்சிக்கல்தான். கீரை, பழம், போதிய தண்ணீர், தேவைப்பட்டால் மலமிளக்கி. வெடிக்காத அனியூரிசம் உள்ளவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது இது.

சிரசாசனம்: ரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், சிகிச்சை செய்யாத அனியூரிசம் உள்ளவர்களுக்கும் வேண்டாம் என்பேன். நடைப்பயிற்சிக்கு எந்தத் தடையும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்குவதைத் தவிர்க்கலாம்.

கிராமச் செவிலி

தேன்மொழி அக்கா, நீங்கள் மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். கட்டுக்குள் இருக்கிறதா என்று எழுதவில்லையே? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிபவள் என்ற முறையில் கேட்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர் மாத்திரை வாங்குகிறார்கள், ஆனால் தலை சுற்றினால்தான் போடுகிறார்கள். அளவு சரியாகிவிட்டது என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு சரியானதே மாத்திரையால்தான் என்று நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் வளர்ந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. மூன்றில் ஒருவருக்கு மேல்! பாதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரிவதில்லை என்பதுதான் என் அனுபவம். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அளப்பதற்கும் கட்டணம் இல்லை.

வீட்டில் அளப்பவர்கள் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசை மேல் வைத்து அளக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையோ கூடாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சோற்றில் உப்புப் போடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே ஊறுகாயைத் தொட்டுக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

நெறியாளர்

மாத்திரைகளின் பெயரையும் அளவையும் கேட்டு எழுதப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அனியூரிசம் இருக்கலாம் என்று தானாக ஆஸ்பிரின் தொடங்குவதும், இதயத்துக்காகத் தந்த ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. உங்கள் மருத்துவரிடம் மட்டுமே கேளுங்கள்.

மல்லிகா

எனக்கும் என் அப்பாவுக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்த பரம்பரை நோய். இந்த நோய்க்கும் மூளை அனியூரிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று சிறுநீரக மருத்துவர் சொன்னார். விளக்க முடியுமா?

செங்காந்தள்

உண்டு, அம்மா. தலைமுறைதோறும் தொடரும் அந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூளையில் அனியூரிசம் இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் உறவினரில் அப்படி யாராவது இருந்தார்களா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சாயம் செலுத்தாத எம்.ஆர். ஆஞ்சியோவே போதும், சிறுநீரகத்துக்கும் பாதகமில்லை. அந்த நோயில் ரத்த அழுத்தமும் இளவயதிலேயே ஏறும் என்பதால் அதைக் கட்டுப்படுத்துவது உங்களுக்கு இரட்டிப்புப் பலன் தரும்.

பொன்னி

டாக்டர், தேன்மொழியின் அக்காவை ஊசி போட்டு அனுப்பினார்களே, அது என் மனத்தை விட்டு அகலவில்லை. எந்தத் தலைவலிக்கு ஓட வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

செங்காந்தள்

நொடியில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி. பிடரியில் அடித்தாற்போல வந்தது என்பார்கள், வாழ்நாளில் இப்படி ஒரு வலி கண்டதில்லை என்பார்கள். கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுதல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உடனே 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ரத்தக்கசிவைக் கிட்டத்தட்ட எப்போதும் காட்டிவிடும். நேரம் போகப் போக ரத்தம் கரைந்து படத்தில் மறையும். அப்போது முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வலி மாத்திரையில் குறைந்துவிட்டது என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவுசெய்யக் கூடாது.

இன்னோர் அறிகுறி: ஒரு கண்ணின் இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாவை பெரிதாக விரிந்திருத்தல். வளரும் அனியூரிசம் நரம்பை அழுத்துவதால் இது வரலாம். தலைவலி இல்லாவிட்டாலும் அன்றே போக வேண்டும்.

தவறான கணிப்பு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வில் 482 நோயாளிகளில் 12 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லியிருந்தார்கள், அவற்றில் மிகுதியாகச் சொல்லப்பட்டது ஒற்றைத் தலைவலி அல்லது மன அழுத்தத் தலைவலி. அதனால் நோயாளியோடு போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: "தலைவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரே நொடியில் வந்தது, இதற்கு முன் இப்படி வந்ததில்லை, அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை கசிந்த புடைப்பு முதல் 24 மணி நேரத்தில் மறுபடி கசியும் ஆபத்து மிக அதிகம். அதற்குள் அடைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அவசரம்.

தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. மூவரும் எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்தோம். எனக்கும் அண்ணனுக்கும் எதுவும் இல்லை. தம்பிக்கு 3 மில்லிமீட்டரில் ஒன்று இருக்கிறது. இரண்டு துறை மருத்துவர்களும் சேர்ந்து பார்த்து, இப்போதைக்குக் கவனித்து வரலாம் என்று சொல்லி அடுத்த படத்துக்குத் தேதி தந்திருக்கிறார்கள். தம்பி சிகரெட்டை விட்டுவிட்டான். நிகோட்டின் மெல்லும் பசை மருத்துவர் சொல்லித் தொடங்கியிருக்கிறான். எரிச்சலாகத்தான் இருக்கிறான், ஆனாலும் பிடிவாதமாக இருக்கிறான்.

எனக்குச் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்குப் பயன்படும். இப்போது தெளிவாக இருப்பது என்றென்றைக்குமான உத்தரவாதம் அல்லவாம்.

ஒரு சந்தேகம். அக்கா மகளுக்கு 19 வயது, அண்ணன் மகளுக்கு 17. அவர்களுக்கும் எடுக்க வேண்டுமா?

செங்காந்தள்

அவர்கள் சொன்னது சரி. நெதர்லாந்தின் உட்ரெக்டில் உங்களைப் போன்ற குடும்பங்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் படத்தில் 11 சதவீதம் பேருக்கு அனியூரிசம் இருந்தது. அடுத்த சுற்றில் 8 சதவீதம், அதற்கடுத்த சுற்றுகளிலும் 5 சதவீதம் பேருக்குத் தென்பட்டது. ஆகவே நீங்களும் அண்ணனும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகளுக்குப் பாட்டியும் அத்தையும் முதல் நிலை உறவினர் அல்லர், தந்தைக்கும் அனியூரிசம் இல்லை. அவளுக்கு இப்போது வேண்டாம். அண்ணனுக்கு என்றாவது தென்பட்டால் அப்போது யோசிக்கலாம். அக்கா மகளின் நிலை வேறு: தாய்க்கு வந்திருக்கிறது, தாய்வழிப் பாட்டிக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அவளை நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப்போய்ப் பேசவிடுங்கள். படமெடுப்பதா, எப்போது தொடங்குவது என்பதை அவளே கேட்டு முடிவுசெய்யட்டும். 19 வயது, அவளிடம் மறைத்து எதுவும் செய்ய வேண்டாம். அக்காவுக்கு வைத்த காயிலின் விவர அட்டையின் நகல் ஒன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கட்டும். அக்காவுக்கு எங்கே எம்.ஆர்.ஐ. எடுப்பதானாலும் அதைக் காட்ட வேண்டும்.